வானப் பயணத்தில் தொழுகையும் தோழமையும்

பிரயாணம் மனிதனுக்கு ஒருவகை வேதனையே என்றும், அது அவனுடைய உறக்கத்தையும் ஊணையும் பானத்தையும் தடுத்து விடுகிறது என்றும், போன காரியம் முடிந்ததும் தாமதியாமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இமாம் புகாரி, இமாம் முஸ்லிம் (ரஹ்) ஆகிய இருவரும் பதிவு செய்துள்ள ஹதீஸ் இது. ஒட்டகத்தின் மீதேறிப் பாலைவனத்தைக் கடந்த காலத்தில் சொல்லப்பட்ட சொல். ஆயினும் இன்று 35,000 அடி உயரத்தில், முன்னிருக்கையில் முழங்கால் இடிக்க, பத்துமணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கும் அது அப்படியே பொருந்தி வருகிறது. உறக்கம் இல்லை, உணவு வேளை தவறி வருகிறது, தண்ணீர் குடிக்கவும் அச்சம். பயணத்தின் வேகம் கூடியிருக்கிறது. அதன் தன்மை மாறவில்லை.

நம் குடும்பங்களில் நீண்ட வானப் பயணம் இன்று அரிதான ஒன்றன்று. மகளின் பிரசவத்துக்கு லண்டன் போகும் உம்மாமார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் வாப்பாமார்கள், வேலை தேடிப் போகும் இளைஞர்கள் என்று எத்தனையோ பேர். இவர்களில் பெரும்பாலோர் அமர்வது குறைந்த கட்டணத்துக்குரிய எகானமி வகுப்பில்தான். அங்கே இருவகைத் தவறுகளை நாம் காண்கிறோம். ஊரில் ஐந்து வக்தும் பள்ளிக்குப் போய்த் தொழும் பெரியவர், ஒரே பயணத்தில் மூன்று வக்துகளைக் கழாவாக்கி விட்டு, "இறங்கிய பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று கண்ணை மூடிக் கொள்கிறார். இது ஒன்று. தொழுதே தீருவேன் என்று எழும் மற்றொருவர், கழிப்பறைத் தரையைக் குளமாக்கி, நடைபாதையை மறித்து முஸல்லாவை விரித்து, பிறருடைய சாபத்தையும் வாங்கிக் கொள்கிறார். இது மற்றொன்று.

முன்னவர் அல்லாஹ்வின் ஹக்கை விட்டார். பின்னவர் அடியார்களின் ஹக்கை மிதித்தார். இவ்விரண்டு ஹக்குகளும் ஓர் அடி, ஒன்றரை அடி அகலமுள்ள அந்த இருக்கையிலே ஒன்றாக வந்து சேருகின்றன. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்றால், முடியும். ஆனால் அதற்கான ஆயத்தத்தை வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும். இதனையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இடம் எவ்வளவு?

1952-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் "டூரிஸ்ட்" வகுப்பும், 1958-இல் "எகானமி" வகுப்பும் அறிமுகமாயின. அதுவரை செல்வந்தர்களுக்கே உரியதாயிருந்த வானப் பயணம் சாமானியருக்கும் எட்டியது இவ்வாறுதான். 1970 ஜனவரியில் போயிங் 747 என்னும் பெரிய விமானம் பறக்கத் தொடங்கிய பின், ஒரே விமானத்தில் 300-க்கும் மேற்பட்டோர் செல்வது வழக்கமாயிற்று. ஒருகாலத்தில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கடலில் பல நாட்களைக் கழித்தார்கள். இந்தியாவிலிருந்து ஹாஜிகளைக் கப்பலில் அழைத்துச் செல்வது 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது சில மணி நேரங்களில் ஜித்தாவில் இறங்கி விடுகிறோம். இது அல்லாஹ்வின் பெரும் நிஃமத்து என்பதில் ஐயமில்லை.

ஆனால் கட்டணம் குறைய வேண்டுமாயின் ஆட்கள் நெருங்கி உட்கார வேண்டும். ஒரு இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த இருக்கையின் முதுகு வரை உள்ள தூரம் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். இருக்கையின் அகலம் 17 முதல் 18 அங்குலம். பெரிய விமானங்களில் ஒரு வரிசைக்கு மூன்று, நான்கு, மூன்று என்று பத்துப் பேர் அமர்கிறார்கள். நடுவில் உள்ள நால்வரில் இடையில் அகப்பட்டவர், எழுந்து போகவேண்டுமானால் பக்கத்தில் உறங்குபவரை எழுப்பித்தான் ஆகவேண்டும். இரு கைப்பிடிகளுக்கு நான்கு முழங்கைகள் போட்டியிடும்.

காற்றும் வேறு. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி அளவில் இருக்கும். உள்ளே அழுத்தமூட்டப்பட்ட காற்றுத்தான். எனினும் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்கு அது ஒப்பானது. ஊட்டிக்கு மேலே உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளலாம். ஈரப்பசை மிகக் குறைவு. உதடு காய்கிறது, கண் எரிகிறது, காது அடைக்கிறது, கால் வீங்கி, கழற்றி வைத்த செருப்பு திரும்ப ஏற மறுக்கிறது. இந்நிலையில்தான் நம் ஸபுரும் இபாதத்தும் சோதிக்கப்படுகின்றன.

பக்கத்தில் இருப்பவர் யார்?

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயமாகிய ஸூரத்துன்னிஸாவின் 36-ஆவது வசனத்தில், அல்லாஹ்வை மட்டுமே வணங்க வேண்டும் என்ற கட்டளையைத் தொடர்ந்து யார் யாருக்கு உபகாரம் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோரைக் கூறியபின், "ஸாஹிபு பில் ஜன்பி" என்று ஒருவரும் கூறப்படுகிறார். விலாப்புறத்தில் இருக்கும் தோழர் என்பது அதன் நேர்ப்பொருள். பயணத்தில் கூட வருபவரும் இதில் அடங்குவார் என்று முபஸ்ஸிரீன்களில் பலர் விளக்கம் தந்துள்ளார்கள்.

எகானமி வகுப்பில் நம் விலாவோடு விலாவாக அமர்ந்திருப்பவரைவிட இந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் வேறு யார்? அவர் எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்ற நிபந்தனை எதுவும் அங்கே போடப்படவில்லை. அவர் முன்பின் அறியாதவர். பத்துமணி நேரத்துக்குப் பின் மீண்டும் சந்திக்கவும் மாட்டோம். நன்றிக்காகவோ பெயருக்காகவோ அல்லாமல் அல்லாஹ்வுக்காக மட்டும் ஒருவருக்கு நன்மை செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எளிதில் கிட்டாது.

மேலும், ஸூரத்துல் முஜாதலாவின் 11-ஆவது வசனத்தில், சபைகளில் பிறருக்கு இடம் விட்டுக் கொடுங்கள் என்று சொல்லப்பட்டால் விட்டுக் கொடுக்க வேண்டும், அப்படிச் செய்பவர்களுக்கு அல்லாஹ் விசாலத்தை அருளுவான் என்ற கருத்து வருகிறது. இடம் மிகக் குறைவாக உள்ள இடத்தில் அரை அங்குலம் விட்டுக் கொடுப்பதும் இதைச் சேர்ந்ததேயாகும். நடைமுறையில் இதைப் பின்வருமாறு அனுசரிக்கலாம்.

நம் இருக்கையைப் பின்னால் சாய்ப்பது நமக்குள்ள உரிமைதான். ஆனால் பின்னால் இருப்பவர் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது சாய்த்தால் அவர் குழம்பு அவர் மடியில்தான் விழும். திரும்பிப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லி, மெல்லச் சாய்க்க வேண்டும். உணவு வேளையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். நடு இருக்கையில் அகப்பட்டவருக்குக் கைப்பிடிகளை விட்டுக் கொடுக்க வேண்டும். ஜன்னல்காரருக்குச் சுவரும், ஓரக்காரருக்கு நடைபாதையும் இருக்கின்றன, அவருக்கு ஒன்றும் இல்லை. எழுந்திருக்கும்போது முன்னிருக்கையின் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுக்கலாகாது. குழந்தை அழுதால் அதன் தாயை முறைத்துப் பார்ப்பதைவிட, அவள் பையை மேலே எடுத்து வைக்க உதவுவது மேல். பக்கத்தில் இருப்பவர் மது அருந்தினால் அவரோடு வாதிட வேண்டியதில்லை. நமக்கு ஆகாது என்று பணிப்பெண்ணிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு நம் பாட்டில் இருக்கலாம்.

உடலுக்கும் ஹக்கு உண்டு

நம் உடலுக்கும் நம் மீது ஹக்கு உண்டு என்பது நபிமொழியின் கருத்து. வானப் பயணத்தில் இதை மறந்து விடுபவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே. பக்கத்தில் ஆண்கள் இருவர் அமர்ந்திருக்க, அவர்களை எழுப்பிக் கழிப்பறைக்குப் போக வெட்கப்பட்டு, பயணம் முழுவதும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். இது பேணுதல் அன்று. உடலுக்குச் செய்யும் அநீதி.

நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேலாக அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் உள் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விமானத்துக்கு மட்டுமல்ல, பேருந்து, ரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அந்த அபாயம் ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் வயது முதிர்ந்தவர்கள், பருமனானவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் மணிக்கொரு முறை குதிகாலையும் முன்காலையும் மாறி மாறித் தூக்கி இறக்கிக் கெண்டைக்காலை இயக்க வேண்டும். இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும். உளூவுக்கும் தொழுகைக்கும் எழுபவருக்கு இந்த நடை தானாகவே கிடைத்து விடுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகள், பெற்றோருக்குச் சீட்டு எடுக்கும்போதே நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கித் தருவது அவர்களுக்குச் செய்யும் நல்ல கித்மத்து ஆகும். தொழுகைக்கு எழவும் அதுவே வசதி.

குறைந்த நீரில் உளூ

நபி (ஸல்) அவர்கள் ஒரு "முத்து" அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸில் வந்துள்ளது. அது இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு வாளி கணக்கில் செலவழிப்பது நம் பழக்கமேயன்றிச் சுன்னத்தன்று. ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறை கழுவுவது சுன்னத்து. ஒருமுறை முழுமையாகக் கழுவுவதே பர்ளு. விமானத்தில் ஒருமுறையோடு நிறுத்திக் கொள்ளலாம்.

விமானக் கழிப்பறையில் பெரும் தொல்லை கால் கழுவுவதுதான். முகம் கழுவும் சிறு கிண்ணத்தில் காலைத் தூக்கி வைப்பதும், தண்ணீர் தரையெங்கும் வழிவதும், அடுத்து வருபவர் முகம் சுளிப்பதும் நாம் அறிந்ததே. நீரைத் தேக்கி வைக்கும் தரையல்ல அது. வழுக்கி விழவும் கூடும். இதற்கு நம் ஷரீஅத்து எப்போதோ வழி வகுத்துத் தந்துள்ளது. வீட்டில் முழு உளூச் செய்து, கரண்டைக்கால் மூடும் தோலுறையாகிய குஃப்பு அணிந்து கொண்டால், முஸாபிருக்கு மூன்று இரவு, மூன்று பகல் அதன்மீது மஸஹு செய்வது ஆகும். ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளுக்கும் இது பொதுவான சலுகை. குளிப்பு கடமையானால் மட்டும் கழற்றியாக வேண்டும். நாம் அன்றாடம் அணியும் மெல்லிய நூல் காலுறைக்கு இச்சலுகை இல்லை. குஃப்பு அணிந்தவருக்கு முகம், கை, தலை ஆகிய மூன்றுக்கே நீர் தேவை. ஒரு தம்ளர் தண்ணீரே போதும். முடிந்ததும் கிண்ணத்தையும் தரையையும் காகிதத் துண்டால் துடைத்துவிட்டு வெளியே வரவேண்டும். அடுத்தவருக்குச் சுத்தமாக விட்டு வருவதும் ஈமானின் ஓர் அங்கமே.

இனி ஷாபிஈ மத்ஹபினர் கவனிக்க வேண்டிய இரு மஸ்அலாக்கள் உண்டு.

முதலாவது: பருவமடைந்த அந்நிய ஆண், பெண் இருவரின் தோல் திரையின்றித் தொட்டுக் கொண்டால் உளூ முறிந்து விடும். இருக்கைக் கைப்பிடியிலும், உணவுத் தட்டை வாங்கும்போதும் இது எளிதில் நிகழும். ஆகவே முழுக்கைச் சட்டை அணிவது நலம். தட்டை அதன் ஓரத்தில் பிடித்து வாங்கினால் போதும். பணிப்பெண்ணை மரியாதைக் குறைவாக நடத்த வேண்டியதில்லை.

இரண்டாவது: பிட்டம் இருக்கையில் நன்றாகப் பதிந்த நிலையில் உட்கார்ந்தவாறு உறங்கினால் உளூ முறியாது. கால் நீட்டிப் படுக்க இடமில்லாத எகானமி இருக்கை, இந்த வகையில் நமக்கு உதவியே செய்கிறது! ஆயினும் உறக்கத்தில் சரிந்து விட்டோமோ என்ற ஐயம் வருவதால் புதுப்பித்துக் கொள்வதே பேணுதல். ஹனபி மத்ஹபில் சாய்ந்து உறங்குவதற்குத் தனி விளக்கம் உண்டு. அவர்களும் புதுப்பித்துக் கொள்வது சிறப்பு.

இருக்கையின் துணியைத் தட்டித் தயம்மும் செய்து கொள்கிறார்கள் சிலர். ஷாபிஈ மத்ஹபில் தயம்மும் செய்யப் புழுதியுள்ள தூய மண் வேண்டும். ஹனபி மத்ஹபில் மண்ணின் இனத்தைச் சேர்ந்த பொருள் வேண்டும். இருக்கைத் துணி இவ்விரண்டில் எதுவுமன்று. அதோடு, கழிப்பறைக் குழாயில் நீர் இருக்கும்போது தயம்முமுக்கு இடமேது?

வக்து எதைக் கொண்டு?

விமானத்தில் வக்தைக் காட்டுவது கைக்கடிகாரமன்று, சூரியன். நாம் புறப்பட்ட ஊரின் நேரமோ, போய்ச் சேரும் ஊரின் நேரமோ கணக்கில்லை. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. இரண்டு பயணங்களை எடுத்துக் கொள்வோம்.

மேற்கு நோக்கிய பயணம்: கோடை காலத்தில் துபாயிலிருந்து காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டு, பதினான்கு மணி நேரம் பறந்து, நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை மணி. துபாய்க் கடிகாரம் இரவு பத்தரை காட்டும். "மஃரிபும் இஷாவும் போய்விட்டனவே" என்று பதற வேண்டியதில்லை. சூரியன் மறையவே இல்லை! சுபுஹைத் துபாயில் தொழுதிருந்தால், இறங்கிய பின் லுஹரும் அஸரும் அவற்றின் நேரத்திலேயே தொழுது கொள்ளலாம்.

கிழக்கு நோக்கிய பயணம் இதற்கு மாறானது. பர்மிங்ஹாமில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிய ஒருவர், டிசம்பர் மாதத்தில் லண்டனிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்னைக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணம். விமானம் சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் பகல் சுருங்குகிறது. புறப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சூரியன் மறைந்து மஃரிபு வந்துவிடும். இரவும் குறுகியதே. சென்னையில் இறங்கும்போது அதிகாலை ஐந்தரை, ஆறு மணி இருக்கும். சுபுஹு வக்து ஏற்கனவே வந்திருக்கும். ஆறரை மணிக்குள் சூரியன் உதித்துவிடும். அந்த அரைமணி, முக்கால் மணி நேரத்தையும் இமிகிரேஷன் வரிசை விழுங்கிவிடும். பலருக்குச் சுபுஹு தவறுவது வானத்தில் அன்று. இறங்கிய பின் அந்த வரிசையில்தான்!

இவர் செய்ய வேண்டியது என்ன? ஊர் எல்லையைத் தாண்டிவிட்டதால் அவர் முஸாபிராகி விட்டார். ஷாபிஈயாயின், லண்டன் விமான நிலையத்திலேயே லுஹரின் வக்தில் லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கி, முற்படுத்திச் சேர்த்துத் தொழுதுவிடலாம். முதலில் லுஹர், அதில் சேர்த்துத் தொழும் நிய்யத்து, பிறகு இடைவெளியின்றி அஸர் என்ற முறையைப் பேண வேண்டும். மஃரிபையும் இஷாவையும் விமானத்தில் ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம். மஃரிபு மூன்று ரக்அத்தே, அதில் சுருக்கம் இல்லை. ஹனபியாயின், அரபாவிலும் முஸ்தலிபாவிலும் அன்றிச் சேர்த்துத் தொழுதல் இல்லை; கஸ்ரோ வாஜிபு. அவர் லுஹரை நிலையத்தில் தொழுதுவிட்டு, சீட் பெல்ட் விளக்கு அணைந்தவுடன் முதல் வேலையாக அஸரைத் தொழ வேண்டும். உணவு வண்டி வரும்வரை காத்திருந்தால் வக்து போய்விடும்.

சுபுஹுக்கு இருவருமே, விமானம் கீழிறங்கத் தொடங்கு முன் உளூவைப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். இறங்கியதும் வரிசையில் நிற்பதற்கு முன்பாக, கூடத்தின் ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சலின்றி இரண்டு ரக்அத்தை முடித்துவிட வேண்டும். நான்கு நிமிடத்தில் முடியும் காரியம் அது.

சொந்த ஊரில் விமானம் ஏறுவோர் ஒன்றைக் கவனிக்க: தம் ஊரின் எல்லையைக் கடந்த பிறகே கஸ்ரும் ஜம்உம் ஆகும். கீழக்கரையிலிருந்து சென்னை வந்து விமானம் ஏறுபவர் ஏற்கனவே முஸாபிர். சென்னைவாசிக்கு விமான நிலையம் ஊரோடு சேர்ந்தே இருப்பதால், அவர் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும்.

நிற்பதும் நோக்குவதும்

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் நஃபிலான தொழுகைகளை வாகனத்தின் மீது அமர்ந்தவாறே, அது போகும் திசையை நோக்கித் தொழுதார்கள்; பர்ளான தொழுகைக்கோ இறங்கிக் கிப்லாவை முன்னோக்கினார்கள். இந்த வேறுபாட்டில் நமக்குப் பெரிய பாடம் உண்டு. நஃபிலும் திக்ரும் இருக்கையில் அமர்ந்தே நிறைவேறும். பர்ளுக்கு இயன்றவரை எழுந்து நின்று, கிப்லாவை நோக்கி, ருகூஉ, ஸுஜூதுடன் தொழவே முயல வேண்டும்.

அதற்கான இடம் நடைபாதையன்று. கதவருகிலோ உணவு தயாரிக்கும் பகுதியை ஒட்டியோ ஓராள் நிற்கச் சற்று இடம் இருக்கும். உணவு பரிமாறி முடிந்து, விளக்கு மங்கலாக்கப்பட்டு, பணியாளர் ஓய்வாக உள்ள நேரம் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். பணிவோடு கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொழ வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் கூட்டம் சேர்த்தல் ஆகாது. கிப்லாவுக்கு எதிரே உள்ள திரையில் வரும் வரைபடமே போதுமானது. துருக்கியின் மீது பறக்கையில் மக்கா தெற்கே இருக்கும். ஈரானின் மீது தென்மேற்கே. நம் நாட்டின் மீது மேற்கே. கிழக்கு நோக்கி ஓடும் விமானத்தில் கிப்லா நம் வலப்புறமோ பின்புறமோ அமையும். சில விமானங்களின் திரையில் மக்காவின் திசையே அம்புக்குறியாகக் காட்டப்படுவதும் உண்டு.

சீட் பெல்ட் விளக்கு எரிகிறது, விமானம் ஆடுகிறது, அல்லது பணியாளர் அனுமதிக்கவில்லை என்றால்? நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்துள்ளார்கள். வக்து முடிந்துவிடும் நிலையில் இருக்கையில் அமர்ந்தே சைக்கினையால் தொழுதுவிட வேண்டும். கிப்லாவும் நிற்றலும் தவறியிருப்பதால், இறங்கியபின் அதைத் திருப்பித் தொழுவதே ஷாபிஈ ஆலிம்களின் வழிகாட்டல். ஹனபி ஆலிம்களிலும் பலர், பிறரால் ஏற்பட்ட தடையாயின் திருப்பித் தொழுமாறே சொல்கிறார்கள். திருப்பித் தொழ வேண்டியிருக்கிறதே என்பதற்காக வக்தை வெறுமனே விட்டுவிடக் கூடாது. அந்த வக்துக்குச் செய்யும் கண்ணியம் அது. நம் நிலைக்குரிய தீர்ப்பைப் புறப்படுமுன் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்வது கடமை.

நோன்பாளியும் உணவும்

ரமழானில் பறப்பவர் வானத்தில் தாம் காணும் சூரியன் மறைந்த பின்னரே நோன்பு திறக்க வேண்டும். கீழேயுள்ள ஊரில் பாங்கு சொல்லியிருக்கும். ஆனால் உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் இன்னும் தெரிந்து கொண்டிருக்கும். துபாயில் புர்ஜ் கலீஃபா என்னும் வானளாவிய கட்டடத்தின் மேல்மாடிகளில் குடியிருப்போர் இரண்டு, மூன்று நிமிடம் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று அங்குள்ள ஆலிம்கள் 2011-இல் அறிவித்தது இதே அடிப்படையில்தான். விமானமோ அதைவிடப் பல மடங்கு உயரம்.

முஸாபிருக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை உண்டு. ஆயினும் சுபுஹுக்கு முன்பே ஊரைவிட்டுப் புறப்பட்டவருக்கே அன்றைய நோன்பில் அச்சலுகை என்பது இரு மத்ஹபுகளின் சட்டம்.

உணவைப் பொறுத்தவரை, சீட்டு எடுக்கும்போதே, அல்லது குறைந்தது ஒருநாள் முன்பாக, முஸ்லிம் உணவு வேண்டும் என்று பதிந்துவிட்டால் பிரச்சினை இல்லை. மறந்தவர்கள் சைவ உணவைக் கேட்டுப் பெறலாம். பேரீச்சம்பழமும் ரொட்டியும் கையில் வைத்திருப்பது எப்போதும் நல்லது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. பயணத்தின் புறப்பாடு, வருகை நேரங்களைக் கொண்டு எந்த வக்து எங்கே வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தல்.

2. கைப்பையில் குஃப்பு, மெல்லிய முஸல்லா, வெற்றுத் தண்ணீர்ப் புட்டி, அன்றாட மருந்துகள் ஆகியவற்றை வைத்தல். புட்டியைச் சோதனை முடிந்தபின் நிரப்பிக் கொள்ளலாம்.

3. உம்ரா, ஹஜ்ஜுக்குச் செல்வோர் இஹ்ராம் துணியைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கையிலேயே வைத்திருத்தல், அல்லது வீட்டிலேயே உடுத்திக் கொள்ளுதல். விமானம் மீக்காத்தின் எல்லையைக் கடக்குமுன் நிய்யத்து செய்தாக வேண்டும். பெட்டி ஜித்தாவில்தான் கைக்கு வரும்.

4. புறப்படுமுன் உளூவுடன் இரண்டு ரக்அத்து தொழுது, கடன், அமானிதங்களைப் பற்றி வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுதல்.

5. பக்கத்தில் அமர்பவரிடம் முதலிலேயே முகமலர்ச்சியோடு ஒரு வார்த்தை பேசிக் கொள்ளுதல். "நடுவில் இரண்டு தடவை தொழ எழுவேன், சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று முன்பே சொல்லி வைத்தால், எழும்போது அவரே காலை ஒதுக்கி வழிவிடுவார்.

வீணாகாத மணிகள்

ஏற்கப்படும் துஆக்கள் மூன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆ, தந்தை தன் பிள்ளைக்காகக் கேட்கும் துஆ ஆகியவற்றோடு, முஸாபிரின் துஆவும் அதில் ஒன்று. கால் மரத்து, கண் எரிந்து, உறக்கம் வராமல், இன்னும் எத்தனை மணி என்று திரையைப் பார்த்துக் கொண்டிருக்கும் அந்த நேரம் துஆ ஏற்கப்படும் நேரம் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? பேரனைக் காணப் போகும் வாப்பாவுக்கோ மேற்சொன்ன இரண்டு சிறப்புகள் ஒருங்கே கிடைக்கின்றன: அவர் முஸாபிரும் ஆவார், தந்தையும் ஆவார். ஸலவாத்து ஓதவும், தவ்பாச் செய்யவும், பிரிந்து வந்தவர்களுக்காகவும் போய்ச் சேர இருப்பவர்களுக்காகவும் கையேந்தவும், எழுந்து ஓட முடியாத அந்த இருக்கை நல்ல இடமல்லவா!

இருக்கை குறுகியதே. அதை அகலமாக்க நம்மால் இயலாது. பக்கத்திலிருப்பவருக்கு இடம் கொடுத்து, படைத்தவனுக்குரிய வக்தை அவனுக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் குறுகிய இடத்திலும் மனம் விசாலமாகும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, தொழுகை தவறாமலும் எவர் மனமும் நோகாமலும் போய்ச் சேரவும், நலமே வீடு திரும்பவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.